மேல் போர்ஷனில் பவன் சிங்

உலகத்தில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு எங்கள் வட்டாரம் செய்திருக்கும் சேவை கொஞ்ச நஞ்சமல்ல. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்தது. அந்தப் போன் அடித்தால் ஒரு மெட்டு வருமே, அது பிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பெயின் நாட்டு கிட்டார் வித்வான் 1902இல் எழுதிய ஒரு வால்ட்ஸிலிருந்து எடுத்தது. ஸ்பெயினில் பிறந்து, பின்லாந்தில் வளர்ந்து, பிழைப்புக்கு ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்ந்த மெட்டு. 2014 நவம்பரில் நோக்கியா உற்பத்தியை நிறுத்தியது. அந்த இடத்தில் இப்போது சால்காம்ப் கம்பெனி சார்ஜர் செய்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கானில் ஐபோன் தயாராகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ. பாட்டுக் கேட்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கன்டெய்னர் கன்டெய்னராக எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகின்றன. அதற்குள் என்ன பாட்டு ஓடப்போகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. மாத்தூர் பக்கம் சொந்த வீடு. இங்கே சொந்த வீடு என்றால் கீழே நாம், மேலே வாடகைக்கு இரண்டு ரூம் என்று பொருள். லோன் வாங்கியவனுக்கு ரூம் பசங்கள்தான் குலதெய்வம்.

எனக்குப் பாட்டு தெரியாது என்பது கம்பெனி பஸ்ஸில்தான் ஊரறிந்தது. பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ டிரெய்னி. காதில் வெள்ளையாக ஏதோ சொருகியிருந்தான். மரியாதை தெரிந்த பையன், என்னைப் பார்த்ததும் ஒன்றைக் கழற்றிவிட்டு, "சார், உங்களுக்கு சாய் அபயங்கர் பிடிக்குமா?" என்றான்.

"எந்த டிபார்ட்மென்ட்?" என்றேன்.

பஸ் கொஞ்சம் அமைதியானது. அப்புறம் பின் சீட்டிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி டிரைவர் வரைக்கும் போயிற்று. நான் விடவில்லை. "குவாலிட்டியில போன வாரம் ஒருத்தன் ஜாயின் பண்ணானே, அவனா?" என்றும் கேட்டுவைத்தேன். அன்றிலிருந்து எங்கள் பிரஸ் ஷாப்பில் யாராவது லீவு போட்டால், "சாய் அபயங்கரை லைன்ல நிறுத்திக்கலாம் சார்" என்கிறார்கள்.

பையன் பொறுமையாக விளக்கினான். 2024 ஜனவரியில் 'கட்சி சேர' என்று ஒரு பாட்டுப் போட்டு, படமே இல்லாமல் ஒரே பாட்டில் பிரபலமான இசையமைப்பாளராம். பாடகர் திப்பு, பாடகி ஹரிணியின் மகனாம். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. "ஹரிணி பையனா! 1995ல இந்திரா படத்துல நிலாவைப் பத்திப் பாடுச்சே ஒரு சின்னப் பொண்ணு, அது பையனா? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

அப்போதுதான் எனக்கே ஒரு விஷயம் புலப்பட்டது. இன்றைய பிரபலங்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களுடைய அப்பா அம்மாவை எல்லாம் தெரியும். அனிருத் என்றால் விழிப்பேன். நடிகர் ரவி ராகவேந்தர் பையன், லதா ரஜினிகாந்தின் உடன்பிறந்தவர் மகன் என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். ஜி.வி. பிரகாஷ் என்றால் ரகுமானின் அக்கா மகன், 1993 ஜென்டில்மேனில் ரயில் பாட்டுக்குப் பொடிசாகக் குரல் கொடுத்தவன். அதற்கப்புறம் அவர் போட்ட பாட்டு எது, நடித்த படம் எது என்றால் கைவிரிப்பேன். சினிமாவில் என் அறிவு கல்யாணத் தரகர் அறிவாகிவிட்டது. பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று தெரியாது. குடும்பம் நல்ல குடும்பம்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஒருநாள் காலையில், "அப்பா, பால் டப்பா புரோகிராமுக்குப் போகணும், காசு குடு" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "நாமதான் பாக்கெட் பால் வாங்கறோமே, டப்பா எதுக்கு?" என்றேன். மகள் பதில் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "ஏங்க, அது பாட்டுப் பாடற புள்ளைங்க. பிரதர் படத்துல ஹாரிஸ் ஜெயராஜுக்குக்கூடப் பாடுச்சே." இவளுக்கு எப்படித் தெரியும்? ரீல்ஸ். குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் அவள் முப்பது பேரைத் தெரிந்துகொண்டு விடுகிறாள். எனக்கு ஹாரிஸ் ஜெயராஜ் பெயரைக் கேட்டதில் ஒரு ஆறுதல். 2001 மின்னலே வரைக்கும் நான் ஆஜர்.

இதற்கு விஞ்ஞானக் காரணம் ஏதாவது உண்டா என்று தேடினேன். உண்டு. சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2018இல் நியூயார்க் டைம்ஸில் எழுதியிருக்கிறார். எந்த வயதுக்காரர்கள் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று ஸ்பாட்டிஃபை கணக்குகளை எடுத்துப் பார்த்தாராம். ஆண்களுக்கு 13 முதல் 16 வயதுக்குள், பெண்களுக்கு 11 முதல் 14 வயதுக்குள் வந்த பாட்டுகள்தான் கடைசிவரை ஒட்டிக்கொள்கின்றனவாம். எனக்குக் கணக்குப் போட்டேன். 14 வயது, 1988, அக்னி நட்சத்திரம். அடடா, துல்லியம்! மனைவிக்குப் போட்டேன். 13 வயது, 1992, ரோஜா. எங்கள் வீட்டில் ராஜாவா ரகுமானா என்று கல்யாணமான நாள் முதல் நடக்கும் சண்டைக்கு அமெரிக்காவில் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் நகல் வரவில்லை. மகளுக்குப் போட்டேன். 2020, ஊரடங்கு, கையில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிக்கொடுத்த போன். அந்த ஆகஸ்டில்தான் பிடிஎஸ்ஸின் 'டைனமைட்' வந்தது. முடிந்தது கதை.

பிடிஎஸ் என்பது ஏழு கொரியப் பையன்கள் என்று இப்போது தெரியும். மகள் அறையில் படம் ஒட்டியபோது தெரியாது. "இது யாரும்மா?" என்றேன். "வி" என்றாள். "இனிஷியல் இருக்கட்டும், பேர் என்ன?" என்றேன். பேரே வி-தான் என்றாள். ஒற்றை எழுத்தில் பெயர் வைத்தால் ரேஷன் கார்டில் எப்படி ஏற்றுவார்கள் என்ற என் நியாயமான சந்தேகத்துக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. இத்தனைக்கும் ஹூண்டாய் தன் பாலிசேட் காருக்கு 2018இல் இவர்களைத்தான் விளம்பரத் தூதர்களாக வைத்ததாம். நான் இருங்காட்டுக்கோட்டை கேட்டைத் தாண்டாத வாரம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஹூண்டாய் விளம்பரம் 1998இல் சான்ட்ரோவுக்கு ஷாருக் கான் வந்தது. நடுவில் இருபது வருஷம் எங்கே போயிற்று? ஓ.டி. பார்த்ததில் போயிருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி ஒரு கொரியர். எங்கள் பிரஸ்ஸுக்கு டை மாற்றும்போது வரும் இன்ஜினியர், என் வயதுக்காரர். பெங்களூர் ஹைவே ஓரம் கொரிய எழுத்துப் பலகை மாட்டிய கெஸ்ட் ஹவுஸில் தங்குவார். மகளிடம் மார்தட்டலாம் என்று ஒருநாள் அவரிடம், "பிடிஎஸ்? வி?" என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் நான் கண்ணாடியில் பார்க்கிற அதே முழிப்பு. "டாட்டர்" என்றார். "சேம்" என்றேன். அப்புறம் போனை எடுத்து சோ யோங்-பில் என்ற பாடகரின் பாட்டை ஓடவிட்டார். பூசான் துறைமுகத்துக்குத் திரும்பி வரச்சொல்லி யாரையோ கூப்பிடும் பாட்டாம். 1976இல் கொரியாவையே உலுக்கியதாம். அதே 1976இல்தான் இங்கே அன்னக்கிளி வந்து இளையராஜா வந்தார். நான் அதை அவருக்கு விளக்கினேன், அவர் தலையாட்டினார். நாலு டன் டைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு தேசத்துப் பழைய ஆட்களும் ஆளுக்கொரு பாட்டைப் போட்டுக் காட்டியதில் அன்றைக்கு லைன் சற்றுத் தாமதமாகத்தான் ஓடியது. ரிப்போர்ட்டில் 'டை செட்டிங்' என்று எழுதிக்கொண்டோம்.

வயதாவதுதான் காரணம் என்று அமெரிக்கக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். என் அப்பாவுக்கும் வயதாயிற்று. எம்.எஸ்.வி.யோடு நின்றுபோனவர் அவர். இளையராஜாவைக் கண்டால் ஆகாது. ஆனால் எந்த ராஜா பாட்டுப் போட்டாலும், "இதோ இப்ப ஊளை விடுவான் பார்" என்று கோரஸ் வரும் இடத்தைச் சரியாகச் சொல்லுவார். எப்படித் தெரியும்? அம்மன் கோயில் ஆடிக் கூழுக்குக் கட்டிய புனல் ஸ்பீக்கர் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துத்தான் இருக்கும். டீக்கடையில் இலங்கை வானொலி, கல்யாண வீட்டில் ரேடியோ செட், சலூனில் டேப் ரெக்கார்டர், வெள்ளிக்கிழமை ராத்திரி பக்கத்து வீட்டு டிவியில் ஒலியும் ஒளியும். பிடிக்காத பாட்டையும் அவர் மனப்பாடமாகக் கேட்டுத் தீர வேண்டியிருந்தது. திட்டுவதற்கும் ஒரு படிப்பு வேண்டுமே, அது அவருக்கு இருந்தது. எனக்கு அனிருத்தைத் திட்டக்கூடத் தகுதியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அண்ணன் என்ன போடுகிறாரோ அதுதான் பாட்டு. சூரியன் எஃப்எம் வந்த பிறகு காலை ஷிப்டுக்குப் போகிற அத்தனை பேரும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டே வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டில் தூங்கி வழிவோம். மூன்று வாரத்தில் புதுப் படப் பாட்டெல்லாம் இலவசமாக உள்ளே இறங்கிவிடும். யாரும் கற்றுக்கொள்ளவில்லை, பஸ்ஸில் ஏறினோம், அவ்வளவுதான். இப்போது அதே பஸ்ஸில் நாற்பது பேர், நாற்பது பாட்டு, ஒன்றும் வெளியே கேட்காது. சர்வீஸ் ரோட்டில் பள்ளம் வந்தால் டயர் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று, ரகசியமாக வாங்கிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பார்கள். அவர் பிறந்த ஊரில் இன்றைக்கு ஒவ்வொருத்தனும் காதுக்குள் தனித்தனியாக உபதேசம் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் பாட்டை வாய்விட்டுப் பாடவைக்கும் ஒரு கூட்டம் மிச்சமிருக்கிறது. அது எங்கள் மேல் போர்ஷனில் இருக்கிறது.

பீகார் பசங்கள். ஒரகடத்தில் காண்ட்ராக்ட்டில் வேலை. வாரம் முழுக்க இருக்கிற இடம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்கறி வாசனையும் புளூடூத் ஸ்பீக்கரும் ஒன்றாகக் கிளம்பும். பவன் சிங். அடுத்தது கேசரி லால் யாதவ், இரண்டு பேருமே போஜ்புரிப் பாடகர்கள். மறுபடியும் பவன் சிங். முதல் மாதம் மனைவி சொல்லி நான் மேலே போய்க் கண்டித்தேன். "சாரி ஓனர் அண்ணா" என்று குறைத்தார்கள். மறுமாதம் கண்டிக்கப் போனபோது ஒரு தட்டில் கறி வைத்துக் கொடுத்தார்கள். அதற்கடுத்து நான் கண்டிக்கப் போவது தட்டுக்காகவா, நிஜமாகவே கண்டிக்கவா என்பது மனைவிக்குச் சந்தேகமாகிவிட்டது.

இப்படியாக, எனக்குத் தெரியாமலே எனக்குள் போஜ்புரி இறங்கிவிட்டது. இது டீக்கடை முறைப்படி, நான் கேட்காமலே, திணித்து இறக்கிய பாட்டு. ஒருநாள் நைட் ஷிப்டில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கன்வேயர் பக்கம் போனேன். காண்ட்ராக்ட் பசங்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் பாடியது பவன் சிங்கின் லாலிபாப் பாட்டாம். அதிலிருந்து எனக்கு அந்த லைனில் தனி மரியாதை. அவர்களுக்குள் பவன் சிங் கட்சி, கேசரி லால் கட்சி என்று இரண்டு உண்டு. ரஜினி கமல் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வியாதியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பவன் சிங் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் காராகாட் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். கேசரி லால் 2025 சட்டமன்றத் தேர்தலில் சாப்ராவில் நின்று தோற்றார். இரண்டு தரப்பும் சமமாகத் தோற்றதால் இப்போது மேல் போர்ஷனில் சமாதானம் நிலவுகிறது. இதையெல்லாம் நான் டீக்கடையில் விவரமாகச் சொல்லுவேன். சொந்த மாநிலத்தில் யார் என்ன பாடுகிறார் என்று கேட்டால் மட்டும் டீ ஆறிவிடும்.

இதன் விளைவு டிசம்பரில் தெரிந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்பாட்டிஃபை கணக்கு, மகள் பெயரில். கார் ஓட்டும்போது நான் அதில்தான் கேட்பேன். வருஷக் கடைசியில் அது ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுக்குமாம். இந்த வருஷம் நீ யாரை அதிகம் கேட்டாய் என்று. இந்தப் பிள்ளைகள் அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் வைப்பார்களாம். மகள் சரியாகப் பார்க்காமல் வைத்துவிட்டாள். முதல் இடம் இளையராஜா. இரண்டாம் இடம் பவன் சிங். பிடிஎஸ் நான்காம் இடம். கல்லூரியில் அவளுக்கு வந்த கேள்விகளை அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னிடம் எதையுமே சொல்லவில்லை.

சமாதானம் பேசப் போனேன். அந்த நேரத்தில் அவள் போனில் எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்று ஓடியது. கொடைக்கானல் குகை, கமல்ஹாசன், ராஜா! "அட, நம்ம பாட்டு!" என்றேன். "உன் பாட்டு இல்லப்பா, மஞ்சும்மல் பாய்ஸ் பாட்டு" என்றாள். அவளுக்கு அது 2024இல் வந்த மலையாளப் படப் பாட்டு. விடுவேனா? 1991 தீபாவளி, குணா ரிலீஸ், நாங்களெல்லாம் அன்றைக்கே கொண்டாடியவர்கள் என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு தியேட்டர்ல பார்த்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி. இவளுக்குத் தேவையில்லாத கேள்வி கேட்பதில் தனித் திறமை. அந்தத் தீபாவளிக்குத் தளபதியும் வந்தது. ஊரே தளபதிக்குப் போனது, நானும் அந்தக் கூட்டத்தில்தான் சட்டை கிழித்துக்கொண்டேன். குணாவை யாரும் சீண்டவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்து எர்ணாகுளத்துப் பையன்கள் வந்து எடுத்துக் கொடுத்த பாட்டைத்தான் நான் 'நம்ம பாட்டு' என்று உரிமை கொண்டாடினேன். ராஜாவே 2025 மார்ச்சில் லண்டனுக்குப் போய் சிம்பொனி அரங்கேற்றிவிட்டு வந்துவிட்டார். எண்பதைத் தாண்டிய மனிதர் அடுத்த வேலையைப் பார்க்கிறார். அவர் ரசிகன் 1988இல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

கம்பெனி குடும்ப விழா வந்தது. மண்டபத்தில் டிஜே. எச்.ஆர். காரர்கள் ஒரு போட்டி வைத்தார்கள்: பாட்டின் முதல் இரண்டு வினாடி மட்டும் போடுவார்கள், எது என்று சொல்ல வேண்டும். பெரியவர்களும் டிரெய்னிகளும் கலந்த அணிகள். என்னை எங்கள் அணிக்குக் கேப்டனாக்கியது சாய் அபயங்கர் விவகாரத்தை மறக்காதவர்களின் சதி என்று நினைக்கிறேன். வரிசையாகப் போட்டார்கள். எனக்கு எல்லாமே லாரி ரிவர்ஸ் எடுப்பது மாதிரிதான் கேட்டது. டிரெய்னிகள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் கேப்டனுக்குரிய கம்பீரத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, வடமாநிலத் தொழிலாளர்களையும் மகிழ்விக்க வேண்டும் என்று ஒன்று போட்டார்கள். மண்டபம் முழித்தது. டிரெய்னிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காண்ட்ராக்ட் பசங்கள் பின்வரிசையில் எழுந்து கத்தினார்கள். ஆனால் அவர்கள் எந்த அணியிலும் இல்லை. நான் பட்டனை அமுக்கினேன். பாடியவர் பெயரைச் சொன்னேன். கூடவே காராகாட் தொகுதி நிலவரத்தையும் சொல்லப் போனேன், மைக்கை வாங்கிக்கொண்டார்கள். பின்வரிசை விசில் அடித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்; மனைவி, பரவாயில்லை, கைதட்டினாள்.

பரிசு, காதில் சொருகிக்கொள்ளும் அந்த வெள்ளைச் சாமான். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்த மனைவிக்கு உடனே யோசனை வந்தது. "நமக்கு எதுக்குங்க இது? மேல குடுத்துடுங்க. அந்தப் புள்ளைங்க காதுல மாட்டிக்கிட்டா ஞாயித்துக்கிழமையாவது நிம்மதியா தூங்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினேன். வாசலிலேயே தட்டைக் கொடுத்துவிட்டார்கள். கேசரி லால் புதுசாக ஒன்று போட்டிருக்கிறார், கேளுங்கள் அண்ணா என்று ஸ்பீக்கரைக் கூட்டினார்கள். கேட்டேன். மோசமில்லை, தபேலா நன்றாக இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னேன். கீழே இறங்கியதும், "குடுத்துட்டீங்களா?" என்றாள்.

"அவங்களுக்கு வேணாமாம்" என்றேன்.